அட்டையில் எழுதாமல் விட்டது

நான் வேலை பார்த்த வார்டில் இப்போது கட்டிலின் கால்மாட்டில் அட்டை தொங்குவதில்லை. எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. நோயாளியின் பெயர், வியாதி, பழக்கவழக்கம் என்று பெட்டி பெட்டியாக வருகிறது. கேள்வி கேட்டு டிக் அடிக்க வேண்டியதுதான். போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது, என்னிடம் வேலை பழகிய பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு, "அக்கா, ஆஸ்பத்திரி மலர் போடுறோம். உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. நல்லதா ஒண்ணு" என்றார்கள். "நல்லதா வேணும்னா நான் வாங்கின சேலையைப் பத்தித்தான் எழுதணும்" என்றேன். சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடத்தில் எழுத வேண்டியது என்று ஒன்றுதான் இருக்கிறது, அது நல்லதில்லை.

நர்ஸ் வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. பிளஸ் டூவில் வந்த மார்க்குக்குக் கிடைத்தது அது. தஞ்சாவூரில் மூன்று வருடம் ஹாஸ்டல், புளித்த தோசை, தலையில் குத்திக்கொள்ளும் வெள்ளைத் தொப்பி. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. பிறகு டெல்டாவுக்குள்ளேயே இரண்டு மூன்று ஊர் மாற்றி, கடைசியில் இந்த அரசு மருத்துவமனையின் ஆண்கள் எலும்பு முறிவு வார்டுக்கு வந்து சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வயலும் வாய்க்காலும் சுற்றியிருக்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் நூர்ஜஹான் சிஸ்டர். ஒல்லியான உடம்பு, ஒரு நாளும் உரத்துப் பேசாத குரல், ஆனால் வார்டுக்குள் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் பீடியை ஒளித்துவைக்காத நோயாளி கிடையாது. புது நோயாளி வந்தால் முதல் கேள்வியை அவர்தான் கேட்பார், வேறு யாரையும் கேட்க விடமாட்டார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் கூட வந்தவர்களை ஆளுக்கொரு வேலை சொல்லி வெளியே அனுப்புவார். "நீங்க போயி ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி வாங்கிட்டு வாங்க. தம்பி, நீங்க ஓ.பி. சீட்டுல சீல் வச்சிட்டு வாங்க." எல்லோரும் போனபிறகு நோயாளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலையணை உறை மாற்றுவார். மாற்றிக்கொண்டே, அரிசி என்ன விலை என்று கேட்கிற மாதிரி கேட்பார்: "கடைசியா எப்ப குடிச்சீங்க?"

'குடிப்பீங்களா' என்று அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. குடிப்பீங்களா என்றால் எந்த மனுஷனும் இல்லை என்றுதான் சொல்லுவான், அவன் மூச்சில் சாராயம் மணந்தாலும் சொல்லுவான். எப்போது என்றால் தன்னை அறியாமல் வாயில் வந்துவிடும். "காலைல கொஞ்சம், சிஸ்டர்." அடுத்து, இரண்டு கையையும் நீட்டச் சொல்வார். நீட்டிய விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைப்பார். தாளின் ஓரம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார். குடிக்காதவன் கையில் அது சும்மா கிடக்கும். தினம் குடிக்கிறவன் கையில் கோழி இறகு மாதிரி துடிக்கும். அதன்பிறகுதான் பேனாவைத் திறந்து அட்டையில் எழுதுவார்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். தினம் குடிக்கிறவனுக்கு அது திடீரென்று நின்றுபோனால் உடம்பு தாங்காது. கால் உடைந்து கட்டிலில் கிடப்பவனுக்கு யார் வாங்கித் தருவார்கள்? முதல் நாள் கை நடுங்கும், வேர்க்கும். இரண்டாம் நாள் தூக்கம் போய்விடும், சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் புத்தி பேதலித்துப் போகும். சுவரில் பாம்பு ஊரும், செத்துப்போன அம்மா வந்து கூப்பிடுவாள். முன்கூட்டித் தெரிந்தால் மாத்திரையும் வைட்டமின் ஊசியும் கொடுத்து, பெரும்பாலோரை ஒன்றும் ஆகாமல் கடத்திவிடலாம். தெரியாமல் விட்டால் சிலர் போய்விடுவார்கள். தேர்தலுக்காக மதுக்கடையை மூடுகிறார்கள் என்றால் நூர்ஜஹான் சிஸ்டர் விரலை மடக்கி எண்ணி, மூன்றாம் நாளுக்கு இரண்டு கட்டிலை ஒழித்து வைப்பார். ஒரு முறைகூட அந்தக் கட்டில் காலியாக இருந்ததில்லை.

புத்தி பேதலித்தவர்களிடம் நான் பார்த்த ஒரு விஷயம் உண்டு. அந்த நேரத்தில் அவர்கள் கை அவரவர் தொழிலைச் செய்யும். லாரி டிரைவர் படுத்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்புவார். டெய்லர் போர்வை ஓரத்தை மடித்து மடித்துத் தைப்பார். பேராவூரணிப் பக்கம் தேங்காய் உரிக்கிற ஒருவர், இல்லாத பாரையில் இல்லாத காயைக் குத்தி நாள் முழுக்க உரித்துத் தள்ளினார். பாவமாக இருக்கும். குடியால் எல்லாம் போனபிறகும் உழைப்பு மட்டும் கையில் மிச்சம் நிற்கும். 'குடிகாரன்' என்று அவர்களை யாராவது சொன்னால் நூர்ஜஹான் சிஸ்டர் முறைப்பார். "குடும்பம் பொய் சொல்லட்டும் புள்ள, அவங்களுக்கு ஆயிரம் கஷ்டம். நாம நம்பினாத்தான் தப்பு" என்பார்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

பன்னிரண்டு வருடம் இருக்கும். நூர்ஜஹான் சிஸ்டர் மகள் பிரசவத்துக்காக நான்கு நாள் லீவில் போயிருந்தார். வார்டு என் பொறுப்பு. முதல் நாள் காலை பதினோரு மணிக்கு கோவிந்தராசு என்பவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐம்பத்தி இரண்டு வயது, சொந்த நிலம், ஊரில் கோயில் காரியம் எதுவென்றாலும் முன்னால் நிற்கிறவர். நெல் கொள்முதல் நிலையத்தில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து வலது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. நெற்றியில் பட்டையாகத் திருநீறு. அந்த வலியிலும், "வணக்கம்மா" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். வாயில் ஏலக்காய் வாசனை வந்தது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கூடவே பத்துப் பேர். மனைவி வசந்தா, மகள் சுகன்யா, அப்புறம் மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தி வீட்டார். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா மன்னார்குடிப் பக்கம் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். சம்பந்தி ஆகப்போகிறவர் அடிபட்டுக் கிடக்கும்போது வராமல் இருந்தால் நாளைக்குப் பேச்சாகிவிடும் என்று, ஹார்லிக்ஸும் ஆரஞ்சுப் பழமுமாகக் கட்டிலருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

யாரையும் நான் வெளியே அனுப்பவில்லை. அத்தனை பேர் முன்னால், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "குடிப்பழக்கம் இருக்கா?" என்று கேட்டேன். முட்டாள்கூட அப்படிக் கேட்கமாட்டான். கோவிந்தராசு உத்தரத்தைப் பார்த்தார். வசந்தா முந்திக்கொண்டு, "ஐயய்யோ, அந்தப் பழக்கமே கெடையாதுங்க. டீயே அளவாத்தான் குடிப்பாரு" என்றாள். டீச்சரம்மா திருப்தியாகத் தலையாட்டினார். 'இல்லை' என்று எழுதினேன். கையை நீட்டச் சொல்லவுமில்லை, தாளை வைக்கவுமில்லை.

இரண்டு மணிக்கு டூட்டி முடிந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். சுகன்யா வந்து பக்கத்தில் நின்றாள். இருபத்தி இரண்டு வயதிருக்கும்.

"சிஸ்டர், அம்மா சொன்னது பொய். அப்பா தினமும் குடிப்பாரு."

"எப்பல்லாம்?"

"காலைல எந்திரிச்ச ஒடனே வேணும். இல்லன்னா டம்ளரக்கூடப் பிடிக்க முடியாது, கை அப்படி ஆடும். பத்து வருஷமா இப்படித்தான். ஊருக்குத் தெரியாது. மாட்டுக் கொட்டகைல வச்சிருப்பாரு. இன்னைக்குங் காலைல குடிச்சிட்டுத்தான் போனாரு. டாக்டருக்குத் தெரியணும்னு நெட்ல போட்டிருந்துச்சு."

"நல்ல வேளை சொன்ன. நான் அட்டைல எழுதிடுறேன்."

அவள் என் ஈரக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, எழுதாதீங்க. மாப்பிள்ளையோட அம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு அட்டையப் பூரா படிக்கிறாங்க. ஒரு எழுத்து விடல. குடிகாரன் வீட்டுல பொண்ணு எடுக்கமாட்டோம்னு, பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லிட்டாங்க. வாயால சொல்லுங்க டாக்டர்கிட்ட. எழுத மட்டும் எழுதாதீங்க."

சிஸ்டராக இருந்த நான் அக்கா ஆகிவிட்டேன். "சரிம்மா, எழுதல. நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

ஏன் அப்படி இளகினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா லைன்மேனாக இருந்தவர். என் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. மாமா அவரை மூன்று நாள் முன்னதாகவே பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் கொண்டுபோய், வேண்டிய பாட்டிலை வாங்கிக் கொடுத்து வைத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரிடம், அப்பாவுக்கு மஞ்சள் காமாலை, எழுந்து நடக்கக் கூடாது என்று சொன்னோம். நானும்தான் சொன்னேன். தாலி கட்டும்போது அப்பா நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அந்தக் குழாயடியில் சுகன்யாவைப் பார்த்தபோது எனக்கு நோயாளி தெரியவில்லை, மணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த நான்தான் தெரிந்தேன். குடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் வருவது இதுதான். நடக்கப் பழகுமுன் மறைக்கப் பழகிவிடுவோம்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ். உடைந்த காலில் கம்பி கோர்த்து எடை கட்டித் தொங்கவிட்டிருந்தது. கோவிந்தராசுவுக்கு சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை, நாடி வேகம், தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். டாக்டர், "என்ன இப்படி வேர்க்குது?" என்று என்னைப் பார்த்தார். ஸ்டூலில் டீச்சரம்மா. அந்தப் பக்கம் சுகன்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ராத்திரி பூரா வலி சார்" என்றேன். டாக்டர் வலி ஊசியைக் கூட்டி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ரவுண்ட்ஸ் முடிந்து தனியாகச் சொல்லலாம் என்று ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை போனேன். டாக்டர் உள்ளே போய்விட்டார். கதவருகில் நின்ற ஊழியர், "என்ன சிஸ்டர், அவசரமா? சொல்லணுமா?" என்றார். கேட்டால் ஊர் முழுக்கச் சொல்லிவிடுகிற ஆள். "ஒண்ணுமில்ல, அப்புறம் வரேன்" என்று திரும்பினேன். வார்டுக்கு வந்தால் வேன் கவிழ்ந்து நாற்று நடப் போன பெண்கள் எட்டுப் பேர், பக்கத்து வார்டுக்கு ஆள் போதாமல் என்னையும் இழுத்துக்கொண்டார்கள். இரண்டு மணிக்கு அடுத்த டூட்டிப் பெண்ணிடம் வார்டை ஒப்படைக்கும்போது, சொல்ல வாயைத் திறந்தேன். கோவிந்தராசுவின் அண்ணன் மருந்துச் சீட்டோடு மேஜையருகில் வந்து நின்றார். மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எனக்கு வார லீவு. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், வெந்தயக் குழம்பு வைத்தேன். நினைப்பு வராமல் இல்லை. கூடத்தில் போன் இருந்தது. எடுத்து, "அந்த ஆறாம் கட்டில் குடிக்கிறவருங்க" என்று நாலு வார்த்தை சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? நாளைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், நல்ல உடம்பு, தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. கோவிந்தராசு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். குனிய முடியாத உடம்பை வளைக்கப் பார்த்து, போர்வையை இரண்டு கையாலும் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி, வேரில் ஒட்டிய சேறு உதிர நல்ல காலில் தட்டி, நாற்று முடியாகக் கட்டி, பக்கத்தில் வைத்தார். திரும்பவும் பிடுங்கினார். "தண்ணி வந்துருச்சுடா, மடையத் தொறங்கடா" என்று கத்தினார். கட்டித் தொங்கவிட்ட எடை ஆடி ஆடிக் கட்டில் காலில் மோதியது. கம்பி கோர்த்த இடத்தில் ரத்தம்.

எலும்பு முறிந்தவர்களுக்குச் சில நேரம் கொழுப்பு ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். அப்போதும் இதே மூன்றாம் நாள்தான், இதே குழப்பம்தான். முந்தின மாலையிலிருந்து டாக்டர்கள் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆக்ஸிஜன் வைத்து, ஸ்கேனுக்கு எழுதி, குளுக்கோஸ் ஏற்றி, எல்லாம் செய்திருந்தார்கள். அட்டையில் 'இல்லை' என்று தெளிவாக என் கையெழுத்து இருந்தது. அதைப் படித்தவர்கள் நம்பினார்கள். வேறென்ன செய்வார்கள்?

ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். "மொதல்ல வைட்டமின் ஊசி, ஓடுங்க" என்றார். ஊசியை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. ஒன்று நிற்குமுன் அடுத்தது. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. நண்பகலுக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குக் கோவிந்தராசு இறந்துபோனார்.

அன்றைக்குத்தான் நூர்ஜஹான் சிஸ்டர் லீவு முடிந்து வந்தார். அட்டையைப் படித்தார். என்னைத் துணி வைக்கிற அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"உங்கப்பா குடிப்பாரா?"

பதினோரு வருடம் அவரோடு வேலை செய்திருக்கிறேன், அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஆமா சிஸ்டர்" என்றேன். சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டேன்.

"அழுவாத. டாக்டர்கிட்டயும் இதே மாதிரி சொல்லி எழுதிக் குடு. அப்புறம் அவர நீயே தொடச்சு அனுப்பு. ஆயாவ விடாத" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது, ஒரு வருட இன்கிரிமென்ட் நின்றது, அதெல்லாம் பெரிதில்லை. அவரைத் துடைத்ததுதான் மறக்கவில்லை. ஊசிக் குழாயை உருவி, பஞ்சு வைத்துக் கட்டி, வெந்நீரில் துணி நனைத்து நெற்றியிலிருந்து தொடங்கினேன். தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டினேன். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். கைக்கு வந்தபோது, அந்த விரல்கள் கொஞ்சமும் ஆடாமல் இருந்தன. நான்கு நாளில் அவை ஆடாமல் நான் பார்த்தது அப்போதுதான்.

கருமாதி முடிந்து இருபது நாளில் இறப்புச் சான்றிதழ் வாங்க வசந்தாவும் சுகன்யாவும் வந்தார்கள். வசந்தா நேராக என்னிடம் வந்து, சட்டென்று என் காலைத் தொட்டாள். பதறிப்போய்த் தூக்கினேன்.

"எம் பொண்ணு எல்லாத்தையும் சொல்லிட்டா சிஸ்டர். நீங்க தெரிஞ்சும் எழுதாம விட்டீங்களே, அந்தப் புண்ணியம் உங்க புள்ளைகளுக்குச் சேரும். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? அவரு மூட்டை விழுந்துதான் போனாருன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. மானத்தோட போயிட்டாரு. வருஷம் திரும்புறதுக்குள்ள கல்யாணத்த முடிச்சுடலாம்னு சம்பந்தியம்மாவே சொல்லிட்டாங்க. நீங்க கண்டிப்பா வரணும்."

சாபம் விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் சான்றிதழ் கவுண்டருக்குப் போனதும் சுகன்யா மட்டும் நின்றாள். முகம் வற்றிப்போயிருந்தது.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கே எழுதியிருந்தா அப்பா பொழச்சிருப்பாரா?"

பிழைத்திருப்பார். எனக்குத் தெரியும். அவள் தூங்காத கண்ணைப் பார்த்தேன். இந்தப் பாரத்தை இந்த வயதில் எப்படிச் சுமப்பாள் என்று நினைத்தேன். என் மேல் பழி வருமே என்ற பயமும் அதற்குள் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். "இல்லம்மா. குடிச்சுக் குடிச்சு ஒடம்பு ஏற்கெனவே கெட்டுப்போச்சு. எழுதியிருந்தாலும் எழுதாட்டியும் ஒண்ணுதான்" என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

ஓய்வுபெற்றபிறகு, போன ஐப்பசியில், அடைமழை நாளில், மாத்திரைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவசரப் பிரிவு வாசலில் ஒரு கூட்டம். பைக்கில் வழுக்கி விழுந்து காரை எலும்பும் விலா எலும்பும் முறிந்த ஒருவனை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் சுகன்யா. உடம்பு பெருத்து, முன்நரை விழுந்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இந்தப் பக்கம் டீச்சரம்மா. படுத்திருந்தவன் அந்தச் சிங்கப்பூர் மாப்பிள்ளைதான், வேலை போய் ஊரோடு வந்துவிட்டிருந்தான்.

நர்ஸ் பெண் கேட்டாள்: "குடிப்பழக்கம் உண்டா?"

டீச்சரம்மா முந்திக்கொண்டார். "எம் புள்ளைக்கு அந்தப் பழக்கமே கெடையாதும்மா." எத்தனை வருடமாகச் சொல்லிப் பழகிய வாயோ, ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. சுகன்யாவைப் பார்த்தேன். அவள் தலை குனிந்தபடி, "இல்லைங்க" என்றாள். அவன் விரல்கள் ஸ்ட்ரெச்சர் விளிம்பில் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அவள் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அடையாளம் தெரிந்ததும், "அக்கா!" என்றாள்.

"சுகன்யா, அன்னைக்கு உங்கிட்ட நான் பொய் சொன்னேன். எழுதியிருந்தா உங்கப்பா பொழச்சிருப்பாரு. ஒரு வாரம் மாத்திரை குடுத்திருந்தா போதும், கால் கட்டோட வீட்டுக்குப் போயிருப்பாரு."

மழைச்சாரல் இரண்டு பேர் மேலும் அடித்தது.

"நான் கொன்னுட்டேனா?"

"நீ வந்து சொன்ன. கேட்டுக்கிட்டு வாய மூடிக்கிட்டது நான்."

"எழுதாதீங்கன்னு சொன்னது நான்தானேக்கா." சத்தமே இல்லாமல் சொன்னாள். பிறகு, "இத்தன வருஷம் கழிச்சு எதுக்குக்கா சொன்னீங்க? பாவி" என்றாள். என் கையை உதறிவிட்டு உள்ளே போனாள். மாமியார், கூட வந்தவர்கள், வாட்ச்மேன் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி நர்ஸிடம் சொன்னாள்: "தினம் குடிப்பாரு. காலைல எந்திரிச்ச ஒடனே குடிப்பாரு. இன்னைக்குங் குடிச்சாரு. எழுதிக்குங்க."

"என்னடி ஒளறுற?" என்று டீச்சரம்மா சீறினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் தினமும் போனேன். உள்ளே போகாமல் வார்டு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வருவேன். மூன்றாம் நாள் காலை அவன் தெளிவாக எழுந்து உட்கார்ந்திருந்தான். சுகன்யா இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். சட்னி காரம் என்று அவன் ஏதோ சொன்னான். அவ்வளவுதான், தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். புருஷன் பிழைத்துக்கொண்ட சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள் அழுதது அவள் அப்பாவுக்காக.